அழுகைக்கு முந்தைய மணிநேரங்கள்
எழும்பூர்ப் பிரசவ அறை வந்த வழி

சென்னையில் பிள்ளைப்பேற்றுக்கென்றே ஓர் அரசு மருத்துவமனை 1844ஆம் ஆண்டு எழும்பூரில், கூவம் ஆற்றை ஒட்டித் தொடங்கப்பட்டது. பிரசவம் என்றால் வீட்டின் பின்கட்டு அறையும் ஊர் மருத்துவச்சியின் கைகளும்தான் என்றிருந்த காலம் அது. வலி கண்டு இரண்டு இரவு கழிந்தாலும் காத்திருப்பதைத் தவிர வழி இருக்கவில்லை. பிறந்த பிள்ளை அழவில்லையென்றால் விதி என்று சொல்லித் தாயைத் தேற்றுவார்கள். அந்த விதி எழுதப்படும் மணிநேரங்களை உற்றுப் பார்க்கக் கற்றுக்கொண்டதே நம் பிரசவ அறையின் வரலாறு.

அதற்கான முதல் கருவி அப்போதே உலகில் இருந்தது. 1821இல் பிரான்ஸ் நாட்டு மருத்துவர் கெர்கராடெக், கர்ப்பிணியின் வயிற்றில் ஸ்டெதஸ்கோப்பை வைத்துப் பனிக்குட நீரின் சலசலப்பைக் கேட்க முயன்றார். அவர் காதில் விழுந்தது குழந்தையின் இதயத் துடிப்பு. அதுவரை தாயின் சொல்லைக் கொண்டே அறியப்பட்ட உயிர், அன்றிலிருந்து தன் நிலையைத் தானே சொல்லத் தொடங்கியது. 1861இல் லண்டன் மருத்துவர் வில்லியம் ஜான் லிட்டில், நீண்டு போன கடினமான பிரசவத்துக்கும், பிறக்கும்போது ஏற்படும் மூச்சுத்திணறலுக்கும், பின்னாளில் சில குழந்தைகளின் கைகால் விறைத்துப் போவதற்கும் தொடர்பு உண்டு என்று தம் சக மருத்துவர்கள் முன் எடுத்துரைத்தார்.

எழும்பூரின் பெருமைகளில் முதலில் சொல்ல வேண்டியது 1870களில் நடந்தது. மேரி ஷார்லீப் என்ற ஆங்கிலேயப் பெண், வழக்கறிஞரான கணவருடன் சென்னைக்கு வந்தவர். ஆண் மருத்துவரிடம் காட்ட மறுத்து இந்த ஊர்ப் பெண்கள் பிரசவத்தில் படும் பாட்டைக் கேள்விப்பட்டு மனம் பொறுக்காமல் நம் மருத்துவமனையில் சேர்ந்து ஓராண்டு பிரசவப் பயிற்சி பெற்றார். அது போதாது என்று உணர்ந்து 1875இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் இடம் கேட்டார். அவருடன் மேலும் மூன்று பெண்களுக்கும் கல்லூரியின் கதவு திறந்தது. அப்போது லண்டனிலேயே பெண்கள் மருத்துவம் படிக்கப் போராடிக்கொண்டிருந்தார்கள் என்பதை நினைத்துப் பார்த்தால், எழும்பூரின் கட்டிலோரத்தில் தொடங்கிய அந்த அடி எவ்வளவு பெரியது என்று விளங்கும். 1885இல் அவர் முயற்சியால் தொடங்கப்பட்ட பெண்கள் மருத்துவமனையே இன்று திருவல்லிக்கேணியில் கஸ்தூரிபா காந்தி பெயரில் நடந்து வருகிறது.

1880களின் தொடக்கத்தில் நம் மருத்துவமனை பாந்தியன் சாலைக்கு இடம் பெயர்ந்தது. குழந்தையின் துடிப்பைக் கேட்க உதவும் கூம்பு வடிவப் பினார்ட் குழல் உருவானதும் அந்த நூற்றாண்டு முடிவதற்குள்தான். மின்சாரம் வேண்டாத, பழுதாகாத அந்தச் சிறு குழலோடு ஒரு நர்ஸின் காதும் பொறுமையும் சேர்ந்தால் குழந்தையின் நிலை தெரிந்துவிடும்.

1912இல் மருத்துவப் பட்டம் பெற்ற முத்துலட்சுமி ரெட்டி, எழும்பூரில் பணியேற்ற முதல் பெண் ஹவுஸ் சர்ஜன். புதுக்கோட்டையில் பிறந்து, பெண் படிப்பதையே பழித்த ஊரைத் தாண்டி வந்தவர். சட்டமன்றத்திலும் அடையாற்றிலும் அவர் செய்தவற்றை நாடறியும். அந்தப் பெருவாழ்வின் தொடக்கப் பக்கங்களில் நம் வார்டும் இருக்கிறது. ஏழைக் கர்ப்பிணிகளுக்கான தமிழக அரசின் மகப்பேறு நிதியுதவித் திட்டம் 1987 முதல் அவர் பெயரைத் தாங்கி வருவது பொருத்தமே.

பின்னர் வந்தது முதலியார் காலம். ஆற்காடு லட்சுமணசுவாமி முதலியார் இம்மருத்துவமனையின் முதல் இந்தியக் கண்காணிப்பாளர். சென்னை மருத்துவக் கல்லூரியின் முதல் இந்திய முதல்வரும் அவரே. பிரசவ மருத்துவம் குறித்து அவர் எழுதி, பின்னாளில் கிருஷ்ண மேனனும் இணைந்து வளர்த்த பாடநூல் இன்றும் பதிப்புக் கண்டு வருகிறது. சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக 27 ஆண்டுகள் இருந்தவரைக் கல்வியாளராகவே பலர் அறிவார்கள். நமக்கு அவர் முதலில் எழும்பூர்க்காரர்.

1950களில் நியூயார்க் நகரின் ஒரே மருத்துவமனையிலிருந்து இரண்டு கொடைகள் வந்தன. 1952இல் மயக்க மருந்து நிபுணர் வர்ஜீனியா ஆப்கார், பிறந்த குழந்தையின் துடிப்பு, மூச்சு, தசை முறுக்கு, தூண்டலுக்குக் காட்டும் எதிர்வினை, நிறம் ஆகிய ஐந்துக்கும் மதிப்பெண் போடும் முறையை வகுத்தார். 1954இல் இமானுவேல் ஃப்ரீட்மன், கருப்பை வாய் திறக்கும் வேகத்தை வரைபடமாக்கினார். ஒன்று பிறந்த நிமிடத்தை அளந்தது. மற்றொன்று பிறப்பதற்கு முந்தைய மணிநேரங்களை. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தபோதுதான் காலங்காலமாக நர்ஸுகள் அனுபவத்தில் அறிந்தது தாளில் தெரிந்தது. ஒவ்வொரு வலியின்போதும் கருப்பை இறுகி, நச்சுக்கொடிக்குப் போகும் ரத்தம் சற்று நேரம் குறைகிறது. வலி விட்டதும் குழந்தை இழந்ததை மீட்டுக்கொள்கிறது. பிரசவம் அளவுக்கு மீறி நீண்டாலோ, இடைவெளியின்றி வலி வந்தாலோ, மீள நேரமில்லாமல் அதன் சேமிப்பு கரைகிறது. அப்படிக் களைத்துப் பிறக்கும் குழந்தைக்கு முதல் மூச்சை இழுக்கவே தெம்பிருப்பதில்லை.

இந்த அறிவை எளியவர் கைக்குக் கொண்டுவந்தது ஆப்பிரிக்கா. இன்றைய ஜிம்பாப்வேயின் ஹராரே மருத்துவமனையில் பணியாற்றிய ஃபில்பாட், காசில் இருவரும் 1972இல் தம் முறையை வெளியிட்டார்கள். அங்கே டாக்டர்கள் சிலரே. பிரசவம் பார்த்தவர்கள் பெரும்பாலும் சுற்றுப்புற மருத்துவ நிலையங்களின் நர்ஸுகள். யாரை எப்போது பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவது என்பதே அவர்கள் முன் இருந்த கேள்வி. ஃப்ரீட்மனின் கோட்டோடு மேலும் இரு கோடுகளைச் சேர்த்தார்கள். மணிக்கு ஒரு சென்டிமீட்டர் என்ற கணக்கில் ஏறுவது எச்சரிக்கைக் கோடு. அதற்கு நான்கு மணி நேரம் வலப்புறம் தள்ளி இருப்பது செயல் கோடு. புள்ளிகள் முதல் கோட்டைத் தாண்டினால் அனுப்பு. இரண்டாவதைத் தொட்டால் முடிவெடு. நம் நாட்டு ஆரம்ப சுகாதார நிலையங்களின் நிலைமையும் அன்று இதுதான் என்பதால், அந்தத் தாளை நமக்காகவே வரைந்தார்கள் என்று கொள்வதில் தவறில்லை.

நம் நர்ஸுகள் பார்ட்டோகிராஃப் என்று அழைக்கும் அந்தத் தாளில் கருப்பை வாயின் திறப்பு மட்டும் இல்லை. குழந்தையின் துடிப்பு நிமிடத்துக்கு 110க்கும் 160க்கும் இடையில் இருக்கிறதா, வலி விட்ட பிறகும் தாழ்ந்தே கிடக்கிறதா, பனிக்குட நீர் தெளிவாக வருகிறதா, குழந்தை உள்ளேயே மலம் கழித்துப் பச்சை கலந்திருக்கிறதா, தலை எவ்வளவு இறங்கியிருக்கிறது, பத்து நிமிடத்தில் எத்தனை வலி என எல்லாம் அதில் ஏறும். அரை மணிக்கொரு முறை துடிப்பு. தாய் முக்கத் தொடங்கிவிட்டால் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை. இந்தக் குறிகளில் ஒன்று பிசகினாலும் ஸ்டாஃப் நர்ஸ் முதலில் பிரசவ மருத்துவருக்குச் சொல்வார்; குழந்தைகள் நல மருத்துவருக்கும் சொல்லி அனுப்புவார். வார்மர் சூடாகும், மூச்சூட்டும் ஆம்பு பை சரிபார்க்கப்படும், குழந்தையை வாங்கத் தனியாக ஓர் ஆள் நிற்பார். பிறக்கும் குழந்தைகளில் பத்தில் ஒன்றுக்கு மூச்சுவிடச் சிறிதளவாவது உதவி வேண்டியிருக்கும் என்பது உலகக் கணக்கு. அந்த உதவி முதல் நிமிடத்துக்குள் கிடைக்க வேண்டும்; ஆகவே ஆயத்தம் பிறப்பதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும்.

1990களில் உலக சுகாதார நிறுவனம் பார்ட்டோகிராஃபைப் பெரிய அளவில் சோதித்தது. இந்தோனேசியா, மலேசியா, தாய்லாந்து நாடுகளில் 35,484 பெண்களிடம் நடந்த ஆய்வின் முடிவு 1994இல் வெளிவந்தது. 18 மணி நேரத்துக்கு மேல் நீண்ட பிரசவங்கள் 6.4 விழுக்காட்டிலிருந்து 3.4 ஆகக் குறைந்தன. பிரசவ வேளையில் வயிற்றிலேயே குழந்தை இறப்பதும் 0.5 விழுக்காட்டிலிருந்து 0.3 ஆனது. சிறிய எண்களாகத் தெரியலாம். பிரசவ அறையில் நின்றவர்களுக்கு அந்தக் குறைவின் எடை தெரியும்.

அடுத்து வந்த ஆண்டுகள் தமிழகத்துக்கு அறுவடைக் காலம். ஆரம்ப சுகாதார நிலையங்களில் மூன்று ஷிப்டிலும் நர்ஸுகள் அமர்த்தப்பட்டு 24 மணி நேரமும் பிரசவம் பார்க்க வழி பிறந்தது. மாவட்டம்தோறும் அவசரப் பிரசவ, பச்சிளங்குழந்தை சிகிச்சைக்கான சீமாங்க் மையங்கள் எழுந்தன. 2008இல் 108 ஆம்புலன்ஸ் வந்தது. 2009இல் மத்திய அரசு தொடங்கிய நவஜாத் சிசு சுரக்ஷா திட்டம், பிறந்ததும் மூச்சுவிடாத குழந்தையை மீட்கும் பயிற்சியை நாடெங்கும் கொண்டு சென்றது. 2017 முதல் லக்ஷ்யா திட்டம் பிரசவ அறைகளின் தரத்துக்கு அளவுகோல் வைத்தது. எழும்பூரில் படித்துப் போன டாக்டர்களும் நர்ஸுகளும் இந்த ஒவ்வொரு திட்டத்திலும் முன்வரிசையில் நின்றார்கள்.

2020இல் உலக சுகாதார நிறுவனம் பழைய தாளைத் திருத்தி, புதிய பிரசவக் கவனிப்பு வழிகாட்டியை வெளியிட்டது. பிரசவத்தின் தீவிர நிலை இப்போது கருப்பை வாய் ஐந்து சென்டிமீட்டர் திறந்ததும் தொடங்குவதாகக் கொள்ளப்படுகிறது. எல்லாப் பெண்களுக்கும் ஒரே வேகம் என்ற சாய்வுக் கோடுகள் நீங்கி, ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் தனிக் கெடு வந்துள்ளது. ஒவ்வொரு பதிவுக்கும் எதிரே எச்சரிக்கை எல்லை அச்சிடப்பட்டிருப்பதால், பிசகியதை நர்ஸ் வட்டமிட்டு அப்போதே முடிவெடுக்கலாம். கவனிப்புப் பகுதியின் முதல் வரி, தாயுடன் துணைக்கு ஒருவர் இருக்கிறாரா என்று கேட்கிறது. பிரசவ அறைக்குள் அம்மாவையோ அக்காவையோ உடன் அனுமதிக்கும் வழக்கம் தமிழக அரசு மருத்துவமனைகளில் அதற்குப் பல ஆண்டுகள் முன்பே வந்துவிட்டது.