காண்டில்லானின் தண்ணீர்க்காரர்: முனைவும் தன்னுழைப்பும் குறித்து ஒரு மறுவாசிப்பு

ஃப்ரீலான்சரும் தொழில்முனைவோரே என வாதிடுவோர் விரும்பி நாடும் சான்று, ரிச்சர்டு காண்டில்லான் இறந்து இருபது ஆண்டுகளுக்கு மேலான பின் 1755இல் பிரெஞ்சு மொழியில் அச்சேறிய அவரது வணிக நூலின் முதற்பகுதி, 13ஆம் அதிகாரம். அரசரையும் நிலவுடைமையாளரையும் நீக்கி, மற்றவரை அவர் இரண்டாகப் பகுக்கிறார்: நிலையான ஊதியம் பெறுவோர், நிலையற்ற வருவாயில் வாழும் முனைவோர். தண்ணீர் சுமப்பவர், ஓவியர், மருத்துவர், ஏன், பிச்சைக்காரரும் திருடரும்கூட இரண்டாம் வகையில் அடக்கம். எனவே வருவாயின் உறுதியின்மையே முனைவின் இலக்கணம் என்பது நிலைபெற்ற வாசிப்பு.

அதிகாரத்தை முடிவிலிருந்து பின்னோக்கிப் படிப்பதால் விளைந்த வாசிப்பு இது என்றே கருதுகிறேன். காண்டில்லான் தம் கருத்தைக் குத்தகை விவசாயியிடமிருந்து தொடங்குகிறார். குத்தகைத் தொகை முன்னமே முடிவாகிவிட்டது. விளைச்சலும் விலையும் முடிவாகவில்லை. மொத்த வியாபாரியும் கடைக்காரரும் அப்படியே: தெரிந்த விலைக்கு வாங்கி, தெரியாத விலைக்கு விற்கிறார்கள். நாள்தோறும் சிலர் நொடித்துப்போவதாக வரும் குறிப்பும் இவ்வணிகரைப் பேசும் இடத்தில்தான் உள்ளது. முதலீடு வேண்டாத உழைப்பாளர் அதன் பின்னரே, பெரிதாக விளக்கமின்றி, ஒரு பட்டியலாக வந்துபோகிறார்கள். வேலை கிடைக்காத நாளில் தண்ணீர்க்காரர் அன்றைய கூலியை இழக்கிறார், எவருக்கும் கடன்படவில்லை. விலை வீழ்ந்த ஆண்டில் விவசாயி குத்தகை பாக்கியோடு நிற்கிறார். வருவாய் தெரியுமுன்பே ஏற்றுக்கொண்ட இந்தக் கடப்பாடே முனைவின் இலக்கணம் என்பது என் வாசிப்பு.

இரு சாராரும் ஒரே உறுதியின்மையில் வாழ்வதாகக் காண்டில்லானே எழுதுகிறாரே எனலாம். எழுதுகிறார், ஆனால் அங்கே அவர் காட்டும் காரணம் வாடிக்கையாளர் விலகிப்போகலாம் என்பதே. கொள்முதல் விலை பற்றிய பேச்சு அங்கில்லை. முடிவிலும் முதலீட்டோடு தொடங்குவோர், முதலீடின்றித் தம் உழைப்பை நடத்துவோர் எனப் பிரித்தே சொல்கிறார். மருத்துவருக்கும் படிப்புச் செலவு உண்டே என்ற மறுப்பு நம்மை நெடுநேரம் நிறுத்தவேண்டியதில்லை: செலவழிந்துவிட்ட பணம் வேறு, அடுத்த மாதம் கொடுத்தே ஆகவேண்டிய பணம் வேறு.

உண்மையான சிக்கல் காண்டில்லான் குறிப்பிடும் தலைமைத் தையற்காரர். வேலை இருக்கும் அளவுக்கே ஆள் வைப்பவர் அவர். ஆகவே அவரது கடப்பாடு சிறிது, எல்லையிலேயே நிற்கிறார். சென்னையில் தனியாக வரைபடம் போட்டுத் தரும் கட்டடக்கலைஞர் இருவரை மாதச் சம்பளத்துக்கு அமர்த்தும்போது அந்த எல்லையைத் தாண்டிவிடுகிறார். வாடிக்கையாளரின் பணம் வந்தாலும் வராவிட்டாலும் சம்பள நாள் வரும். நிறுவனப் பதிவும் பெயர்ப்பலகையும் இங்கே பொருட்டல்ல.

1961ஆம் ஆண்டின் இந்திய வருமான வரிச் சட்டம் இந்த வேறுபாட்டைப் பாதி கண்டது. அதன் அனுமான வரி முறையில், சிறு வணிகரின் விற்றுவரவில் 8 விழுக்காட்டை (வங்கி, மின்வழி வரவெனில் 6) வருமானமாக 44ஏடி பிரிவு கொண்டது. வழக்கறிஞர், மருத்துவர், கட்டடக்கலைஞர் முதலியோருக்கு 44ஏடிஏ பிரிவின்படி அது 50 விழுக்காடு. வணிகர் கையில் வரும் பணத்தில் பெரும்பங்கு ஏற்கெனவே பிறருக்கு உரியது என்ற புரிதல் இதில் இருக்கிறது. ஆனால் தனியாக உழைக்கும் கட்டடக்கலைஞருக்கும் சம்பளப் பட்டியல் வைத்திருப்பவருக்கும் அதே 50தான்; அதற்குக் குறைத்துக் காட்ட விரும்பினால் கணக்கேடும் தணிக்கையும் தேவைப்பட்டன.