மூளையில் கடவுளுக்குத் தனி அறை உண்டா?

1997-இல் ஆங்கில நாளேடுகள் சில, மூளையில் ‘கடவுள் இருக்கும் இடம்’ அகப்பட்டுவிட்டதாகத் தலைப்பிட்டு எழுதின. செய்திக்குரிய ஆய்வை நடத்தியவர் வி.எஸ். இராமச்சந்திரன், சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்து, சான் டியாகோவில் பணியாற்றிய நரம்பியல் அறிஞர். வலிப்புடன் தீவிர பக்தியும் கொண்ட மிகச் சில நோயாளிகளிடம் பலவகைச் சொற்களைக் காட்டி, உள்ளங்கை வியர்ப்பதால் தோலின் மின்கடத்தும் திறன் எப்படி மாறுகிறது என்று அவர் அளந்தார். பிறரைப் பதறவைக்கும் காமச் சொற்களை விட, இறைவன் சம்பந்தப்பட்ட சொற்களே அவர்களை அதிகம் உலுக்கின. இராமச்சந்திரன் கண்டது இவ்வளவுதான். ‘கடவுள் இருக்கும் இடம்’ என்ற தலைப்பு நாளேடுகளின் கைவண்ணம்.

நெற்றிப்பொட்டுக்கு உள்ளே இருக்கும் மூளை மடலில் கிளம்பும் வலிப்புக்கும் திடீர் பக்திக்கும் தொடர்புண்டு என்பது அதற்கு முன்பே மருத்துவர்கள் பேசிய விஷயம். 1970-இல் டியூஹர்ஸ்ட், பியர்ட் என்ற இரு மருத்துவர்கள் அப்படிப்பட்ட ஆறு பேரைப் பற்றிப் பிரிட்டிஷ் மனநல மருத்துவ இதழில் எழுதினார்கள். அவர்களில் ஒருவர் பேருந்து நடத்துநர். பயணிகளிடம் கட்டணம் வாங்கிக்கொண்டிருந்தபோது திடீரென்று பேரானந்தம் பொங்கியது. தாம் சொர்க்கத்திலேயே இருப்பதாக உணர்ந்தார். அதை ஒவ்வொரு பயணியிடமும் மகிழ்ச்சியோடு சொல்லிக்கொண்டே போனார். ஆனால் காசைச் சரியாகத்தான் வசூலித்தார்! பக்தி நிலைத்தது. சில ஆண்டுகள் கழித்து அடுத்தடுத்து மூன்று நாள் வலிப்பு வந்தது. மறுபடியும் அதே பரவசம். ஆனால் இம்முறை மனம் தெளிந்துவிட்டது என்றார். சொர்க்கம், நரகம், மறுமை எதிலும் இனி நம்பிக்கை இல்லை என்றார். நம்பிக்கையைக் கொடுத்த வலிப்பே அதைப் பறித்துக்கொண்டும் போனது. வலிப்பு தந்தது ஓர் உணர்வு மட்டுமே, அதற்கு அவர் கற்பித்த பொருள் வேறு என்றே நான் இதைப் புரிந்துகொள்கிறேன்.

நலமாக இருப்பவர்கள் விஷயம் என்ன? 2006-இல் மான்ட்ரியலில் மரியோ போரிகார் என்ற ஆய்வாளர் பதினைந்து கார்மேல் மடக் கன்னியரை, மூளையின் செயல்பாட்டைப் படம்பிடிக்கும் எஃப்எம்ஆர்ஐ கருவிக்குள் படுக்கவைத்துப் பார்த்தார். இறைவனை நினைத்த மாத்திரத்தில் வரவழைக்க முடியாது என்று அந்த அம்மையார்கள் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். ஆகவே வாழ்வில் தாங்கள் பெற்ற மிக ஆழ்ந்த இறையனுபவத்தை அவர்கள் நினைவுகூர்ந்தார்கள். கருவி அதைத்தான் படம்பிடித்தது. ஒரே புள்ளியில் அல்ல, மூளையின் பல பகுதிகளில் செயல்பாடு கூடியிருந்தது. தனி அறை என்ற பேச்சு அங்கேயே அடிபட்டுப்போகிறது.

அனுபவத்தை விட்டு நம்பிக்கைக்கு வருவோம். தரிசனம் எதுவும் காணாமலே தினமும் விளக்கேற்றுகிறவர்கள்தானே பக்தர்களில் பெரும்பாலோர்? 2009-இல் சாம் ஹாரிஸ் குழுவினர் பதினைந்து கிறிஸ்தவர்களையும் நம்பிக்கையற்ற பதினைந்து பேரையும் அதே வகைக் கருவிக்குள் படுக்கவைத்து, மதக் கூற்றுகளையும் பொதுக் கூற்றுகளையும் காட்டிச் சோதித்தார்கள். ஹாரிஸ் பெயர்பெற்ற நாத்திகர் என்பதையும் சொல்லிவிட வேண்டும். மதக் கூற்றுகளை எடைபோடும்போது உணர்ச்சி சார்ந்த பகுதிகள் கூடுதலாக வேலை செய்தன. ஆனால் ‘இது உண்மை’ என்று ஏற்கும் கணத்தில், கூற்று மதத்தைப் பற்றியதானாலும் சாதாரணப் பொது அறிவானாலும், இரு சாராரிடமும் மூளையின் முன்மடலில் அதே அடிப்பகுதியில்தான் செயல்பாடு மிகுந்தது.

பக்தி மூளைக் கோளாறு என்று மேடையில் முழங்குபவரும், அறிவியலே ஆண்டவனை மெய்ப்பித்துவிட்டது என்று முழங்குபவரும், முதலில் இந்த ஆய்வறிக்கைகளை ஒருமுறை முழுதாகப் படித்துவிட்டு மேடையேறட்டும்.