குடலை அறுத்த கதை

கல்கத்தா வந்த புதிதில் ஜுரத்துக்கு ஆண்டிபயாடிக் சாப்பிட்டு, வயிறும் கெட்டு மனசும் சோர்ந்து கிடந்தேன். "குடல் பாக்டீரியா சரியானால் மூடும் சரியாகிவிடும்" என்றார் ஆபீஸ் நண்பர். சிரித்தேன். நோண்டிப் பார்த்தால், நூறு வருஷத்துக்கு மேல் பழைய சங்கதி!

1908-ல் நோபல் வாங்கிய மெச்னிகோவ், பெருங்குடல் கிருமிகளின் நஞ்சுதான் மூப்பைக் கொண்டுவருகிறது என்று நம்பினார். அவர் சொன்ன மருந்து புளித்த பால், நம் தயிருக்கு ஒன்றுவிட்ட அண்ணன். அதோடு நின்றிருக்கலாம். லண்டனில் ஆர்பத்நாட் லேன் மலச்சிக்கலுக்கே பெருங்குடலை வெட்டி எடுத்தார்.

அமெரிக்காவில் டிரென்டன் மனநல மருத்துவமனைத் தலைவர் ஹென்றி காட்டன் இன்னும் மேலே போனார். பைத்தியத்துக்குக் காரணம் உடம்பில் ஒளிந்திருக்கும் கிருமி என்று முதலில் பல்லைப் பிடுங்கினார், அப்புறம் டான்சில், கடைசியில் குடல். 85 சதவீதம் பேர் குணம் என்றார். குடலை அறுத்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் செத்தார்கள். 1924-ல் விசாரிக்கப் போன ஃபிலிஸ் கிரீனேக்கர் வைத்தியத்தால் பலனில்லை என்று கண்டார், அறிக்கையை அமுக்கிவிட்டார்கள். காட்டன் தன் பிள்ளைகளின் பல்லையும் பிடுங்கினார். ஏமாற்றுக்காரர் இல்லை, நிஜமாகவே நம்பியிருக்கிறார். அதுதான் எனக்குப் பயம்.

இத்தனைக்கும் அடிப்படை முழுப்பொய் இல்லை. 2004-ல் ஜப்பானில், கிருமியே இல்லாமல் வளர்த்த எலிகளுக்குப் பதட்ட ஹார்மோன் அதிகம் சுரந்தது. ஒரு பிஃபிடோபாக்டீரியம் கொடுத்ததும் தணிந்தது.

எலிக்கு. நண்பரிடம் இதைச் சொன்னேன். மிஷ்டி தோய் வாங்கிக் கொடுத்தார்.