வாடகைக்கு நாற்பது வயலின்

பங்குனி பிறந்துவிட்டால் போதும், மதுரையைச் சுற்றி எந்தப் பக்கம் பஸ் ஏறினாலும் ஏதாவது ஓர் ஊரில் திருவிழா நடந்துகொண்டிருக்கும். உசிலம்பட்டி, வாடிப்பட்டி, மேலூர், திருமங்கலம்... ராத்திரி பத்து மணிக்கு மேல் கோயில் திடலில் ஆர்க்கெஸ்ட்ரா. அடுத்த முறை போனால் ஒரு காரியம் செய்யுங்கள். பாடகரைப் பார்க்காதீர்கள். அவருக்குப் பின்னால், ஓரமாக, இரும்பு ஸ்டாண்டில் ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு கீபோர்டு வைத்துக்கொண்டு நிற்கிறாரே, அவரைப் பாருங்கள். பல்லவி முடிந்து பி.ஜி.எம். வரும் இடத்தில் நாற்பது வயலின் ஒரே மூச்சில் எழும். மேடையில் ஒரு வயலின்கூட இருக்காது. அடுத்த பாட்டில் புல்லாங்குழல். அதற்கடுத்த பாட்டில் நாகஸ்வரம். நடுவில் இடி, மழை. எல்லாம் அந்த ஒருவரின் பத்து விரலில்.

அந்தப் பெட்டிக்கு உலகம் வைத்த பெயர் சிந்தசைசர். நம் பக்கத்தில் அந்தப் பெயரைச் சொன்னால் மருந்துக் கடைக்கு வழி காட்டுவார்கள். கீபோர்டு. அவ்வளவுதான்.

இதன் சரித்திரத்தை எழுதியவர்கள் பெரும்பாலும் எலெக்ட்ரானிக்ஸ் தெரிந்தவர்கள் அல்லது இசை தெரிந்தவர்கள். எனக்குத் தெரிந்ததெல்லாம் பி.காம். எதைப் பார்த்தாலும் வரவும் செலவும்தான் கண்ணில் படும். அந்தக் கண்ணால் பார்த்தால் ஒரு விசித்திரம் தெரிகிறது. இந்த இயந்திரத்தை வைத்துச் சம்பாதிக்க வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லாத இடத்தில், இந்தியாவில் அது மூச்சை நிறுத்திக்கொண்டது. நாள் வாடகைக்குப் போன இடத்தில் பிழைத்தது. பிழைத்ததோடு விடவில்லை, நிறையப் பேர் பிழைப்பிலும் கை வைத்தது.

முதலில் அமெரிக்காவுக்குப் போய் வந்துவிடுவோம்.

1964. நியூயார்க் மாநிலத்தில் ட்ரூமன்ஸ்பர்க் என்று ஒரு சின்ன ஊர். அங்கே ராபர்ட் மோக் என்பவர் கடை வைத்திருந்தார். (ஆங்கில எழுத்தைப் பார்த்துவிட்டு ‘மூக்’ என்று படிப்பவர்கள் அதிகம். மனிதர் தன் பெயரை ‘மோக்’ என்றுதான் சொல்வார். மோகத்தில் பாதி என்று ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.) ஹெர்பர்ட் டாய்ச் என்ற இசைக்காரரோடு சேர்ந்து அவர் செய்த காரியம் இதுதான்: மின்சாரத்தை வேகமாக ஆட்டினால் ஒலிபெருக்கியில் சத்தம் வரும். இன்னும் வேகமாக ஆட்டினால் சுருதி ஏறும். இது முன்பே தெரிந்த சங்கதி. மோக் அந்த ஆட்டத்தை வோல்டேஜால் கட்டுப்படுத்தினார். ஒரு வோல்ட் கூட்டினால் சரியாக ஒரு ஸ்தாயி மேலே போகும். கீழ் ஸட்ஜத்திலிருந்து மேல் ஸட்ஜத்துக்கு, ஒரு வோல்ட் தூரம்!

அப்படி வருகிற சத்தம் காதைக் கிழிக்கும். அதைச் சீவிச் செதுக்க ஒரு ஃபில்டர். பிறகு சத்தத்துக்கு ஓர் உருவம் கொடுக்க வேண்டும். வீணைத் தந்தியை மீட்டினால் ஒலி சட்டென்று எழுந்து மெள்ள மெள்ளத் தேயும். நாகஸ்வரம் என்றால் ஊதுகிற வரைக்கும் நிற்கும், மூச்சை நிறுத்தினால் நின்றுபோகும். இந்த வித்தியாசத்தைக் குமிழ்களைத் திருகியே உண்டாக்கலாம் என்பதுதான் சூட்சுமம். ஆரம்பத்தில் அது ஒரு சுவர் அளவுக்கு இருந்தது, பழைய டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் மாதிரி குறுக்கும் நெடுக்குமாக ஒயர்கள். ஒரு நேரத்தில் ஒரு சுரம்தான் பேசும். 1968-ல் அதை வைத்தே வெண்டி கார்லோஸ் பாஹ்கின் இசையை ஒவ்வோர் இழையாகப் பதிவுசெய்து இசைத்தட்டாக வெளியிட, அது விற்றுத் தீர்ந்தது. 1970-ல் மேஜைமேல் வைக்கிற அளவுக்குச் சின்னதாக ‘மினிமோக்’ வந்தது. விலை சுமார் 1,500 டாலர். அன்றைய டாலர் ஏழரை ரூபாய். பதினோராயிரத்துச் சொச்சம், அதற்கு மேல் கப்பல் கூலி, சுங்கவரி, எல்லாவற்றுக்கும் முன்னால் இறக்குமதி லைசென்ஸ். நடக்கிற காரியமா?

ஆனால் அதற்கு ஒரு வருஷம் முன்பே, அந்தச் சுவர் அளவு மோக் ஒன்று இந்தியாவுக்கு வந்திருந்தது. சென்னைக்கு இல்லை, பம்பாய்க்கும் இல்லை. அகமதாபாத்துக்கு!

அங்கே 1961-ல் தொடங்கப்பட்ட தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில், 1969-ல், டேவிட் டியூடர் என்ற அமெரிக்க இசைக்கலைஞர் வந்து அதைப் பொருத்திக் கொடுத்தார். பின்னணியில் இருந்தவர் கீதா சாராபாய். விண்வெளி விஞ்ஞானி விக்ரம் சாராபாயின் சகோதரி. பெண்கள் தொடாத பக்வாஜ் வாத்தியத்தை வாசித்தவர். 1946-லேயே நியூயார்க் போய் ஜான் கேஜ் என்ற புரட்சிக்கார இசையமைப்பாளருக்கு நம் சங்கீதத்தைச் சொல்லிக்கொடுத்துவிட்டு, பதிலுக்கு அவரிடம் மேற்கத்திய இசை கற்றுக்கொண்டு வந்தவர். மூன்று வருஷம் அந்த அறையில் அவரும் ஐ.எஸ்.மாத்தூர், அதுல் தேசாய், எஸ்.சி.சர்மா, ஜின்ராஜ் ஜோஷிபுரா ஆகியோரும் ஏதேதோ செய்து பார்த்தார்கள். 1972-க்குப் பிறகு சத்தம் அடங்கிவிட்டது. பதிவுசெய்த டேப்புகள் அலமாரிக்குப் போயின. பிரிட்டனிலிருந்து பால் பர்காஸ் என்ற கலைஞர் வந்து தூசி தட்டி எடுக்கும்வரை அங்கேயே கிடந்தன. 2023-ல்தான் அவை ஆல்பமாக வெளிவந்தன. ஐம்பது வருஷம்! கேட்டுப் பாருங்கள், சிலது இன்றைய டெக்னோ போலவே இருக்கிறது. அந்த ஐம்பது வருஷத்தில் எந்தச் சினிமாப் பாட்டுக்கும், எந்தக் கல்யாண வீட்டுக்கும் அதில் ஒரு சுரம்கூடப் போய்ச் சேரவில்லை என்பதுதான் என் வருத்தம்.

இப்போது கோடம்பாக்கம்.

ஆர்.கே.சேகர் என்றொருவர். மலையாளப் படங்களுக்கு இசையமைத்தவர், பெரிய இசையமைப்பாளர்களுக்கு வாத்திய அமைப்பு செய்து கொடுத்தவர். வெளிநாட்டிலிருந்து வருகிற எலெக்ட்ரானிக் வாத்தியங்கள்மேல் அவருக்குப் பிரியம். 1976-ல் காலமாகிவிட்டார். மனைவி, மூன்று பெண்கள், ஒன்பது வயதில் ஒரு பையன். வீட்டில் இருந்த சொத்து அந்த வாத்தியங்கள். விற்றுப் பணத்தைப் போட்டு வைத்து வட்டியில் குடும்பம் நடத்தலாமே என்று வேண்டியவர்கள் யோசனை சொன்னார்கள். என்னைக் கேட்டாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன், காமர்ஸ் புத்தி. அந்த அம்மா விற்கவில்லை. பையன் இருக்கிறான், அவன் பார்த்துக்கொள்வான் என்று சொல்லிவிட்டு, வாத்தியங்களை ரெக்கார்டிங்குக்கு வாடகைக்கு விட்டுக் குடும்பம் நடத்தினார். பையனின் பெயர் திலீப். பள்ளிக்கூட வயதிலேயே ஸ்டூடியோ ஸ்டூடியோவாகப் போய் கீபோர்டு வாசிக்க ஆரம்பித்துவிட்டான். பின்னாளில் ஏ.ஆர்.ரஹ்மான் ஆனவர் அவர்தான்.

இதற்குள் ஜப்பான்காரர்கள் நுழைந்துவிட்டார்கள். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஜான் சவுனிங் 1967-ல் புதிதாக ஒரு முறை கண்டுபிடித்திருந்தார். ஓர் அதிர்வை இன்னோர் அதிர்வால் குலுக்கினால் மணி, பித்தளை, பியானோ என்று சாதி சாதியாகச் சத்தம் கிளம்பும். அமெரிக்க ஆர்கன் கம்பெனிகள் கையை விரித்துவிட்டன. யமஹா வாங்கிப் போட்டது. 1983-ல் அதிலிருந்து வந்த டி.எக்ஸ்.7 ஒன்றரை லட்சத்துக்கும் மேல் விற்றது. அதே வருஷம் ‘மிடி’ வந்தது: ஐந்து முள் வைத்த ஒரு கேபிள், எந்தக் கம்பெனி கீபோர்டையும் எந்தக் கம்பெனி கீபோர்டோடும், ஏன், கம்ப்யூட்டரோடும் பேசவைக்கிற பொது பாஷை. ஒருவர் வாசித்ததை இயந்திரம் ஞாபகம் வைத்துக்கொண்டு திருப்பி வாசிக்கும். களைப்பு கிடையாது, பேட்டா கிடையாது, கால்ஷீட் கிடையாது.

மிடி வந்து மூன்றே வருஷத்தில் தமிழ் சினிமா அதைக் கையில் எடுத்தது. எடுத்தவர் நம் பக்கத்துக்காரர். தேனி தனி மாவட்டமாவதற்கு முன் மதுரை மாவட்டத்தில் இருந்த பண்ணைப்புரம்தான் இளையராஜாவின் ஊர். அண்ணன் பாவலர் வரதராஜனோடு ஆர்மோனியப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கட்சி மேடைகளில் வளர்ந்தவர். 1986 தீபாவளிக்கு வந்த ‘புன்னகை மன்னன்’ படத்தில் கம்ப்யூட்டரை வைத்து இசை செய்தார். இந்திய சினிமாவில் அதுதான் முதல் என்று சொல்வார்கள். இதில் இன்னொரு விசேஷம்: அவர் குழுவில் அந்தக் கருவிகளோடு உட்கார்ந்திருந்தது திலீப்.

ஆர்மோனியம் என்றேன். ஒரு பழைய வழக்கு ஞாபகம் வருகிறது. 1940-ல் அகில இந்திய வானொலி ஆர்மோனியத்தைத் தடை செய்தது. 1971 வரை அந்தத் தடை நீடித்தது. குற்றச்சாட்டு? கட்டைக்குக் கட்டை தாவுமே தவிர, இரண்டு சுரத்துக்கு நடுவில் வழுக்கிப் போகத் தெரியாது, கமகம் வராது. கீபோர்டுக்கும் அதே வியாதிதான். அதற்கு வைத்தியமாகத்தான் இடது ஓரத்தில் சின்னச் சக்கரம் ஒன்று வைத்திருக்கிறார்கள். நம் ஆர்க்கெஸ்ட்ரா ஆட்கள் நாகஸ்வர டோனை எடுத்துவிட்டால், வலது கை கட்டையில் ஓட, இடது கைக் கட்டைவிரல் அந்தச் சக்கரத்தை உருட்டிக்கொண்டே இருக்கும். ‘தில்லானா மோகனாம்பாள்’ படத்துக்கு வாசித்தவர்கள் மதுரை சேதுராமன் - பொன்னுசாமி சகோதரர்கள். அந்த ஊரில் நின்றுகொண்டு இதைச் செய்ய ஒரு தைரியம் வேண்டும்! சிலர் நன்றாகவே செய்கிறார்கள். ஆனாலும் சீவாளி சீவாளிதான். ரஹ்மானுக்கும் இந்தக் குறை உறுத்தியிருக்க வேண்டும். 2009-ல் வந்த ‘தில்லி-6’ படத்தில், கட்டைகளே இல்லாத ‘கன்டினுவம்’ என்ற கருவியைப் பயன்படுத்தினார். விரல் வழுக்கினால் சுரமும் வழுக்கும்.

பம்பாயில் சரண்ஜித் சிங் கதை இன்னும் வேடிக்கை. சினிமாவில் கிடார் வாசித்துக்கொண்டிருந்தவர். ரோலண்ட் கம்பெனியின் ஜூபிடர்-8, டி.ஆர்.808 தாளப்பெட்டி, டி.பி.303 என்று மூன்றை வாங்கி, பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் வாசித்து 1982-ல் ரெக்கார்டு போட்டார். யாரும் சீண்டவில்லை. 303 பெட்டியும் உலகம் முழுக்க விலை போகாமல் 1984-ல் நிறுத்தப்பட்டது. சிகாகோ பையன்கள் பழைய சாமான் விலைக்கு அதை வாங்கித் திருகித் திருகி, 1987-ல் ‘ஆசிட் ஹவுஸ்’ என்று ஒரு புது இசையையே கிளப்பினார்கள். ஐந்து வருஷம் முன்பே நம் ஆள் அதே பெட்டியில் கிட்டத்தட்ட அதையே செய்து முடித்திருந்தார் என்பது, 2010-ல் ஒரு டச்சுக்காரர் அந்த ரெக்கார்டை மறுவெளியீடு செய்த பிறகுதான் உலகத்துக்குத் தெரிந்தது. சரண்ஜித் 2015-ல் காலமானார். நல்லவேளை, அதற்குள் கொஞ்சம் கைதட்டல் கேட்டுவிட்டார்.

சரி, பிழைப்பில் கை வைத்த விஷயம்.

1989-ல் ரஹ்மான் வீட்டுப் பின்புறம் ஒரு ஸ்டூடியோ கட்டினார். கட்டடம் வந்துவிட்டது, உள்ளே வைக்கக் கருவி இல்லை. முதல் ரெக்கார்டர் வாங்க அம்மா நகைகளைக் கொடுத்தார், அடகு வைக்க. 1992-ல் ‘ரோஜா’. அதன் பிறகு எல்லாரும் அந்த வழிக்கு வந்தார்கள். எண்பதுகளில் ஒரு பாட்டுக்கு ஹால் நிறைய வயலினும் செல்லோவும் உட்கார்ந்திருக்கும். தொண்ணூறுகளில் பல பாட்டுகள் ஓர் அறையில் முடிந்தன. 1991-க்குப் பிறகு இறக்குமதிக் கெடுபிடி தளர, அதுவரை சிங்கப்பூர், துபாய் போய்வருபவர் பெட்டியில் வந்த யமஹாவும் காசியோவும் கடைக்கே வந்தன. மதுரை ஆர்க்கெஸ்ட்ராக்காரர் போட்ட கணக்கு ரொம்பச் சுலபம். நாலு வயலின், ஒரு குழல், ஒரு ஷெனாய், ஓர் அக்கார்டியன்: ஏழு பேருக்குச் சம்பளம், சாப்பாடு, வேனில் இடம். ஒரு கீபோர்டை வாடகைக்கு எடுத்தால் ஏழு பேரும் பெட்டிக்குள் அடக்கம். அப்புறம் ‘பேடு’ வந்தது, டிரம்ஸும் தும்பாவும் அதற்குள் போயின.

கணக்குப்படி அவரைக் குறை சொல்ல என்னால் முடியாது. திருவிழாக் கமிட்டி ஒரு தொகைக்கு மேல் தராது. ஆனால் லாப நஷ்டக் கணக்கில் வராத ஒன்று உண்டு. ஊர் ஊராகப் போய் வாசித்த அந்த வயலின்காரர்தான் பகலில் தெருப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்தவர். கச்சேரி போனதும் டியூஷனும் போனது. கீபோர்டில் ‘ஸ்ட்ரிங்ஸ்’ என்று பெயர் போட்டிருக்கும் பித்தானை அழுத்துகிற பையனுக்கு, வில்லைப் பிடித்த ஒரு கையைக் கிட்டத்தில் பார்த்த ஞாபகமே இருக்காது.

இப்போது கீபோர்டுக்காரருக்கும் அதே கதி. பாட்டின் ‘மைனஸ் ட்ராக்’ செல்போனில் இருக்கிறது. அதைச் சொருகிவிட்டுப் பாடுகிறவர் மட்டும் நின்றால் போதும் என்று சில கமிட்டிகள் முடிவுகட்டிவிட்டன. கீபோர்டு வாடகையும் மிச்சம்.

தேய்மானம் என்று பாடப்புத்தகத்தில் படித்தோமே, அது இந்தப் பெட்டிகளில் சிலவற்றுக்குத் தலைகீழாக நடக்கிறது. 395 டாலருக்கு விலைபோகாத 303, இன்று சில ஆயிரம் டாலர். மினிமோக்கைப் பெட்டகத்தில் வைத்துப் பாதுகாக்கிறார்கள். ஆசை பெருகியதைப் பார்த்து கோர்க் கம்பெனி தன் பழைய எம்.எஸ்.20-ஐ 2013-ல் மறுபடியும் செய்து விற்றது. மோக் கம்பெனி 2016-ல் மினிமோக்கை மறுபடி கொண்டுவந்தது. நூறு ரூபாய் செலவில்லாமல் அதே சத்தத்தைப் போனில் இறக்கிக்கொள்ளவும் முடிகிறது. ஆனாலும் குமிழைத் திருகுகிற சுகத்துக்கு ஆள் இருக்கிறது.

வாத்தியத்தை விற்காத அம்மாவின் மகன் 2008-ல் சென்னையில் கே.எம். என்ற பெயரில் ஓர் இசைப்பள்ளி ஆரம்பித்தார். ‘சன்ஷைன் ஆர்க்கெஸ்ட்ரா’ என்று அதில் ஒரு பிரிவு. வசதியில்லாத வீட்டுப் பிள்ளைகளைச் சேர்த்துக் காசு வாங்காமல் சொல்லிக்கொடுக்கிறார்கள். என்ன வாத்தியம் என்கிறீர்களா? வயலின், வயோலா, செல்லோ.