விறகுக் கருவிகள் (மதுரை வட்டாரம்)

விறகுக் கருவிகள் என்பவை அடுப்பெரிக்கும் மரத்தை வெட்டவும் பிளக்கவும் சுமக்கவும் ஊர் மக்கள் தாமாகவோ உள்ளூர்க் கொல்லரின் துணையுடனோ செய்துகொள்ளும் கைக்கருவிகளாகும். மதுரைக்கு வடமேற்கே வைகையின் வடகரையில், திண்டுக்கல் சாலையை ஒட்டி அமைந்து, 2011-இல் மாநகராட்சியுடன் இணைக்கப்பட்ட விளாங்குடியும் அதைச் சூழ்ந்த கண்மாய்ப் பாசனச் சமவெளியும் இக்கருவிகள் வழங்கிவந்த பகுதியாகும். உழைப்பவரின் உயரத்துக்கும் வெட்டும் மரத்தின் இயல்புக்கும் ஏற்ப இவை அமைவதால், உடலுக்கு நேரும் ஏதேனும் ஒரு வருத்தத்தைத் தணிப்பதாகவே ஒவ்வொன்றின் வடிவமும் இருக்கிறது.

கவையும் துறட்டியும்

அமெரிக்கக் கண்டத்துக்கு உரியதும் 1870-களில் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டதுமான சீமைக் கருவேலம், பிற்காலத்தில் கண்மாய்களிலும் தரிசுகளிலும் பரவி, நாட்டுக் கருவேலம், வேம்பு, புளி ஆகியவற்றை முந்தி இப்பகுதியின் முதன்மை விறகாயிற்று. அதன் கட்டை நின்று எரியும், தணலும் நெடுநேரம் இருக்கும். ஆனால் அதன் முள் செருப்பையும் துளைக்கும். இதற்கு விடையாக அமைந்ததே கவை எனப்படும் கவைக்கம்பு. நுனியில் இரண்டாகப் பிரியும் கிளை ஒன்றை ஆள் உயரத்துக்குச் சற்றுக் குறைவாக வெட்டிப் பட்டை உரித்தால் கவை ஆயத்தமாகிவிடும். வெட்டுபவர் இடக்கையால் கவையை முள்கிளையின்மேல் ஊன்றி அழுத்திக்கொண்டு, வலக்கை அரிவாளால் அடியை வெட்டி, கவையாலேயே கிளையைத் தள்ளிக் குவிப்பதால் கை முள்ளில் படுவதில்லை. உயரத்திலுள்ள காய்ந்த கொம்புகளை இழுத்து ஒடிப்பதற்கு, நீண்ட மூங்கிலின் நுனியில் சிறு அரிவாளைக் கட்டிய துறட்டி பயன்படுகிறது.

அரிவாளும் கோடாலியும்

பேச்சுவழக்கில் அருவா எனப்படும் அரிவாளுக்குச் சிவகங்கை மாவட்டத் திருப்பாச்சேத்தி பெயர்பெற்றது. லாரி, பேருந்துகளிலிருந்து கழித்த வில்பட்டைகளைக் கொல்லர்கள் உலையில் காய்ச்சி அடித்து அரிவாளாக்குகின்றனர். வெட்டும் விளிம்பாகிய வாயைச் சூட்டோடு நீரில் தோய்த்து எடுப்பது தோய்ச்சல் எனப்படும். அது மிஞ்சினால் வாய் உதிரும், குறைந்தால் வாய் மடங்கும். ஆகவே சூட்டின் நிறத்தைக் கண்ணால் அறிவதே கொல்லரின் தேர்ச்சியாகும்.

கோடாலியின் இரும்பைப் பட்டறையில் செய்தாலும், கணை எனப்படும் கைப்பிடியை உழைப்பவரே செதுக்கிக்கொள்வதுண்டு. அதிர்ச்சியைத் தாங்கும் வைரமான மரமே இதற்கு உகந்தது. மரத்தைச் சாய்க்கும் கருவிக்கு மரமே துணைபோவதைத்தான் ‘கோடரிக்காம்பு குலத்துக்கு ஈனம்’ என்னும் பழமொழி சுட்டுகிறது. முறுக்கேறிய தூரைக் கோடாலி மட்டும் பிளந்துவிடாது. முதல் வெடிப்பில் ஆப்பை நுழைத்துச் சம்மட்டியால் அடிக்கையில், அடியின் விசை பக்கவாட்டில் திரும்பி நாரை விலக்குகிறது. வெடிப்பு மீண்டும் மூடாதபடி இரண்டாம் ஆப்பைச் சற்றுத் தள்ளி இறக்குவர். இடையில் ஆப்பைப் பிடுங்கினால் நேரும் கேட்டை ‘ஆப்பசைத்த குரங்கு’ என்னும் வழக்கு இன்றும் நினைவூட்டுகிறது.

சுமத்தல்

வெட்டிய விறகைப் பனைநாராலோ கயிற்றாலோ இறுகக் கட்டி, பழந்துணியை வளையமாகச் சுருட்டிய சும்மாட்டின்மேல் வைத்துச் சுமப்பர். கட்டையின் கூர்முனை உச்சந்தலையை அழுத்தாமல் சும்மாடு பாரத்தைப் பரப்புகிறது. தனியே நடப்பவர் பிறர் உதவியின்றிச் சுமையை இறக்கி ஏற்றுவதற்காக, நட்ட இரு கற்களின்மேல் ஒரு கல்லைக் கிடத்திச் சுமைதாங்கிகள் அமைக்கப்பட்டன. கருவுற்ற நிலையில் இறந்த பெண்ணின் நினைவாக அவற்றை நிறுவுவது தமிழகத்தில் பரவலான மரபு. தாய் இறக்கி வைக்காமல் போன சுமைக்கு ஈடாக, வழிப்போக்கரின் சுமையை அக்கல் ஏற்றுக்கொள்கிறது.

விறகு சுமக்கும் தொழில் மதுரையின் சமய மரபிலும் இடம்பெற்றுள்ளது. இசைவாணர் பாணபத்திரருக்காகச் சிவபெருமான் விறகு விற்றதைப் பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணம் கூறுகிறது. மீனாட்சியம்மன் கோயிலின் ஆவணி மூலத் திருவிழாவில் அந்த லீலை ஆண்டுதோறும் நிகழ்த்தப்படுகிறது.

இன்றைய நிலை

2007 முதல் தமிழக அரசு வழங்கிய இலவச எரிவாயு அடுப்பும், 2016-இல் தொடங்கிய மத்திய அரசின் உஜ்வலா எரிவாயு இணைப்புத் திட்டமும் வீடுகளில் விறகின் தேவையைக் குறைத்தன. எனினும் செங்கல் சூளைகளும் திருமணச் சமையற்கூடங்களும் அதை முற்றிலும் கைவிடவில்லை. அடிமரத்தை அறுக்க இயந்திர ரம்பம் வந்த பின்னும், சாய்ந்த கருவேலத்தின் முள்ளை ஒதுக்குவதற்குக் கவைக்கம்பையே நாடுகின்றனர்; அதைச் செய்துகொள்ள ஒரு கிளையும் ஓர் அரிவாளும் போதும்.