கல்கத்தா நாயின் தள்ளாட்டம்

1839ஆம் ஆண்டு. கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் வேதியியல் பேராசிரியராக இருந்த அயர்லாந்துக்காரர் வில்லியம் ஓஷாக்னெஸ்ஸி, நடுத்தர உருவமுள்ள ஒரு நாய்க்குப் பத்து கிரெய்ன் நேபாளச் சரஸை, அதாவது கஞ்சாப் பிசினை, சாராயத்தில் கரைத்துக் கொடுத்தார். முக்கால் கிராமுக்கும் குறைவுதான். அரை மணி நேரத்தில் நாய்க்குக் கண் சொக்கியது. தூங்கி விழுந்தது, திடுக்கிட்டு எழுந்து பரம திருப்தியோடு வாலை ஆட்டியது, வைத்த தீனியை ஆவலாகத் தின்றது. கூப்பிட்டால் தள்ளாடித் தள்ளாடி வந்தது. ஆறு மணி நேரத்தில் பழைய நாயாகிவிட்டது.

மனுஷர் அத்தோடு விடவில்லை. மீன், பூனை, காக்கை, ஆடு என்று கிடைத்த உயிருக்கெல்லாம் கொடுத்துப் பார்த்தார். இறைச்சி தின்பவை போதையில் சாய்ந்தன. புல் மேய்பவை பெரிதாக அசைந்து கொடுக்கவில்லை. இத்தனையும் மிருகங்களுக்காக இல்லை. மனித நோயாளிகளுக்குக் கொடுக்கும் முன் ஒரு ஒத்திகை, அவ்வளவுதான்.

மிருக வைத்தியத்துக்குக் கஞ்சா அப்போதே பழைய சரக்கு. கிரேக்கக் குதிரை வைத்தியர்கள் குதிரையின் புண்களுக்கு இதைப் பூசியிருக்கிறார்கள். இந்தியக் கிராமங்களில் நோய்ப்பட்ட மாட்டுக்குப் பங்கி என்னும் கஞ்சா இலையை அரைத்துக் கொடுக்கும் வழக்கமும் இருந்தது. கஞ்சாவால் நாடு கெடுகிறதா என்று விசாரிக்க 1893இல் ஆங்கிலேய அரசு அமைத்த குழுவின் அறிக்கையிலேயே மாட்டு வைத்தியம் பதிவாகியிருக்கிறது.

ஓஷாக்னெஸ்ஸி 1840களின் தொடக்கத்தில் இங்கிலாந்து திரும்பும்போது சரக்கையும் கூடவே கொண்டுபோனார். லண்டன் மருந்து வியாபாரி பீட்டர் ஸ்கொயர் அதிலிருந்து சாறு இறக்கி விற்றார். அங்கிருந்து அட்லாண்டிக்கைத் தாண்டியதும் அமெரிக்கக் கால்நடை மருத்துவர்கள் வயிற்றுவலியில் புரளும் குதிரைக்கு அதைப் புகட்டத் தொடங்கினார்கள். பார்க்-டேவிஸ், ஈலை லில்லி நிறுவனங்கள் இந்தியச் சரக்கை நம்பியிருப்பானேன் என்று உள்ளூரிலேயே செடியைப் பயிரிட்டு, 'கன்னாபிஸ் அமெரிக்கானா' என்று பெயரும் வைத்துவிட்டன.

ஆனால் ஒரு புட்டி தூக்கி அடித்தது; அடுத்த புட்டி வெறும் பச்சைத் தண்ணீராக இருந்தது. சரக்கில் வேலை செய்யும் பொருள் எதுவென்றே தெரியாதபோது வீரியத்தை எப்படி அளப்பது? நாயை வைத்துத்தான். சாறைக் கொடுத்து, நாய் தள்ளாடுகிறதா என்று பார்ப்பார்கள். தள்ளாடினால் சரக்கு தேறியது. இதற்கு ஃபாக்ஸ் டெரியர் வகை நாய்கள் தோதானவை என்று கண்டார்கள். 1916இல் அமெரிக்க மருந்து நியமநூலே இந்த நாய்ச் சோதனையை விதியாக எழுதிவைத்தது. மருந்துக் கடைத் தராசின் ஒரு தட்டாகவே நாய் ஆகிப்போனது.

1937இல் அமெரிக்காவில் கஞ்சா வரிச் சட்டம் வந்தது. மருந்தாகக் கொடுக்க விரும்பும் கால்நடை மருத்துவர் ஆண்டுக்கு 1 டாலர் கட்டிப் பதிவு செய்ய வேண்டியிருந்தது. தொகை சின்னது, காகிதத் தொல்லையும் தண்டனை பயமும் பெரிது. புட்டிகள் அலமாரியிலிருந்து மறைந்தன. இதில் தப்பியவை கூண்டுப் பறவைகள் மட்டுமே. கஞ்சாச் செடியின் விதை இல்லாவிட்டால் பறவைத் தீனி வியாபாரம் படுத்துவிடும் என்று வியாபாரிகள் போய் முறையிட்டார்கள். முளைக்காதபடி பக்குவம் செய்த விதைக்கு விலக்கு கிடைத்தது. கானரிகள் கவலையின்றிப் பாடின.

அடுத்த திருப்பம் இஸ்ரேலில். 1964இல் வேதியியலாளர்கள் ரஃபேல் மெக்கூலமும் யெகியேல் கவோனியும் கஞ்சாவில் போதை தரும் டிஎச்சியைப் பிரித்து அதன் அமைப்பைச் சொன்னார்கள். போதை தராத சிபிடியின் அமைப்பு அதற்கு முந்தைய ஆண்டே தெளிவாகியிருந்தது. 1992இல் மெக்கூலம் குழு, மூளை தானாகவே சுரக்கும் கஞ்சா போன்ற ஒரு பொருளைக் கண்டது. கிடைத்தது பன்றி மூளையில், பெயரோ 'ஆனந்தமைடு'. ஆம், நம் ஆனந்தமேதான். டிஎச்சியும் ஆனந்தமைடும் போய் ஒட்டும் ஏற்பிகள் நாயின் சிறுமூளையில் மிக அடர்த்தியாக இருக்கின்றன. உடலை நிலைநிறுத்துவது அந்தச் சிறுமூளைதான். கல்கத்தா நாய் ஏன் தள்ளாடியது என்பதற்கு நூற்றைம்பது ஆண்டு கழித்துப் பதில் கிடைத்தது.

கலிஃபோர்னியாவில் 1996 முதல் மனிதர்களுக்கு மருத்துவக் கஞ்சா கிடைத்தது. நாய்க்கு அதைக் கொடுப்பது பற்றிப் பேசவே கால்நடை மருத்துவர்கள் பயந்தார்கள். லாஸ் ஏஞ்சலிஸ் பக்கத்துக் கால்நடை மருத்துவர் டக் கிரேமர், நோய் முற்றிய தன் ஹஸ்கி நாய் நிகிட்டாவுக்குக் கஞ்சா கொடுத்ததையும், அது மறுபடி சாப்பிட ஆரம்பித்ததையும் ஒளிக்காமல் சொன்னார். 2013இல் அவர் இறந்தார். கால்நடை மருத்துவர் இதைப் பற்றிப் பேசலாம் என்று 2018இலும், பரிந்துரைக்கலாம் என்று 2022இலும் அங்கே சட்டம் வந்தது.

சோதனைகளும் வந்தன, இம்முறை நாயின் வலிக்காகவே. 2018இல் கார்னெல் பல்கலைக்கழகம், மூட்டு தேய்ந்த நாய்களுக்கு எடையில் கிலோவுக்கு 2 மில்லிகிராம் சிபிடி எண்ணெயை நாளுக்கு இருமுறை கொடுத்தது. வலி குறைந்தது, கூடவே ரத்தத்தில் ஈரல் நொதி ஒன்று ஏறியது. அடுத்த ஆண்டு கொலராடோவில் வலிப்பு நாய்களுக்குக் கொடுத்தார்கள். வலிப்பு மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. ஆனால் பாதிக்குப் பாதி குறைந்த நாய்களின் எண்ணிக்கையில் மருந்து பெற்றதற்கும் பெறாததற்கும் வேறுபாடு இல்லை. விற்பவர்கள் முதல் பாதியை மட்டும்தான் சொல்கிறார்கள்.

அமெரிக்கக் கால்நடை அவசரச் சிகிச்சை மருத்துவமனைகளுக்குக் கஞ்சா போதையில் இப்போது வரும் நாய் பெரும்பாலும் மேஜைமேல் இருந்த கஞ்சா பிரவுனியைத் தின்ற நாய். நின்றபடியே முன்னும் பின்னும் ஆடும். முகத்தருகே கையை நீட்டினால் சிலிர்த்துப் பின்வாங்கும். தரையில் மூத்திரம் சொட்டும். வீட்டில் அப்படி எதுவுமே இல்லை என்று உரிமையாளர் சத்தியம் செய்துகொண்டிருப்பார். மருத்துவர் நாயைப் பார்த்துவிட்டு, தின்று எத்தனை மணி நேரம் ஆகிறது என்று மட்டும் கேட்பார்.