ஆர் மொழி: மூலநிரலிலிருந்து மூன்று இயங்குதளங்களுக்கு

புள்ளியியலாளர்கள் உலகெங்கும் பயன்படுத்தும் ஆர் மென்பொருள் நியூசிலாந்தின் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் பிறந்தது. அங்கே பணியாற்றிய ராஸ் இஹாகாவும் ராபர்ட் ஜென்டில்மேனும், தங்கள் துறையின் மெக்கின்டாஷ் ஆய்வகத்துக்குப் பொருத்தமான மென்பொருள் கிடைக்காததால், 1990களின் தொடக்கத்தில் தாங்களே ஒன்றை எழுதினார்கள். பெல் ஆய்வகத்தில் ஜான் சேம்பர்ஸும் உடனிருந்தவர்களும் 1976இல் தொடங்கிய எஸ் மொழிதான் அவர்களுக்கு முன்மாதிரி. சூரிச்சைச் சேர்ந்த மார்ட்டின் மெக்லர் வற்புறுத்தியதால் 1995 ஜூனில் ஆரின் மூலநிரல் குனூ பொது உரிமத்தில் வெளிவந்தது.

மூலநிரல் கையில் இருப்பது நெல் கையில் இருப்பதைப் போன்றது. நெல்லை அரிசியாக்குவதுபோல, அதைக் கம்பைல் செய்து, அதாவது கணினி இயக்கும் வடிவுக்கு மாற்றியாக வேண்டும். ஆரின் உட்கரு சி மொழியில் உள்ளது. அணி (மேட்ரிக்ஸ்) கணக்குகளைச் செய்யும் லின்பேக், லாபேக் நிரல்களோ ஃபோர்ட்ரானில் உள்ளன. ஆகவே இரண்டு கம்பைலர்கள் தேவை. யூனிக்ஸ் கணினிகளில் இது பெரிய சிக்கல் இல்லை. எந்தக் கம்பைலர், எந்த நூலகம் இருக்கிறது என்பதை 'கன்ஃபிகர்' நிரல் சோதித்துக் குறித்துத் தரும். 'மேக்' (make) கட்டளை அதன்படி கட்டும்.

விண்டோசில் இந்தக் கருவிகள் எதுவும் கிடையாது. இத்தாலியின் பதுவா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த குய்தோ மசரோட்டோ ஆரை முதலில் அங்கே கொண்டுபோனார். பின்னர் பிரையன் ரிப்லியும் டங்கன் முர்டோக்கும் அப்பணியை ஏற்று, கம்பைலரையும் யூனிக்ஸ் கருவிகளையும் 'ஆர்டூல்ஸ்' என்ற ஒரே கட்டாகத் தந்தார்கள். ஆப்பிளின் மெக்கின்டாஷ் (மேக்) கணினிகளில் குறை வேறு: ஆப்பிள் தரும் கருவிகளில் ஃபோர்ட்ரான் கம்பைலர் இல்லை, அதைத் தனியே நிறுவ வேண்டும். இந்த வேலையைச் செய்தவர்களும் ஆரின் ஆசிரியர்களாகவே மதிக்கத் தக்கவர்கள்.

1997இல் வியன்னாவில் குர்ட் ஹார்னிக்கும் ஃபிரிட்ஸ் லைஷும் ஆருக்கான 'கிரான்' களஞ்சியத்தைத் தொடங்கினார்கள். விண்டோசுக்கும் மேக்குக்கும் ஆயத்தமாகக் கட்டிய கோப்புகள் அங்கிருந்தே கிடைக்கின்றன. இதனால் கம்பைலரையே கண்டிராத ஆய்வாளரும் சில நிமிடங்களில் ஆரை நிறுவ முடிகிறது.

தமிழருக்கும் இந்தக் கட்டும் வேலையோடு நேரடித் தொடர்பு உண்டு. விண்டோசின் பழைய எழுத்துக்குறி முறையில் தமிழுக்கு இடமே இல்லை. லினக்சிலும் மேக்கிலும் ஒழுங்காகத் தெரிந்த தமிழ்த் தரவு, விண்டோஸ் ஆரில் பல இடங்களில் யூனிகோட் எண்களாகச் சிதைந்து வந்தது. பழைய சி இயக்க நூலகம் எல்லா மொழி எழுத்துகளையும் குறிக்கும் யூடிஎஃப்-8 முறையை ஏற்காததே காரணம். அதை மாற்றுவதென்றால் கம்பைலர் முதல் துணை நூலகங்கள் வரை அனைத்தையும் புதிதாகக் கட்ட வேண்டும். தோமாஷ் கலிபெரா முன்னின்று அதைச் செய்தார். 2022 ஏப்ரலில் வந்த ஆர் 4.2.0 பதிப்பிலிருந்து, விண்டோஸ் 10இன் பிந்தைய பதிப்புகளில் தமிழ் எழுத்து தமிழாகவே தெரிகிறது.